நான் சொன்ன ஓம்

மகன்,

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. இந்த நேரத்தில் தாய் எழுதுகிற கடிதம் என்றால் வாழ்த்தும் புத்திமதியுமாக இருக்க வேண்டும். இதில் வாழ்த்து குறைவாகத்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ கதைக்க நான் கேட்பதுதான் பத்து வருடமாக நம்முடைய வழக்கம். நான் ஒன்றைத் தொடங்கினால், பிறகு எடுக்கிறேன் அம்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. இதை ஒருவருக்கும் காட்டாதே என்றும் நான் கேட்கமாட்டேன். ஊரில் எத்தனையோ பேரின் வீட்டுக் காரியத்தை நீ பகிரங்கமாகப் போட்டிருக்கிறாய். உன் வீட்டுக் காரியத்தையும் நாலு பேர் வாசித்தால் ஒன்றும் குறைந்துபோகாது.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஆனால் சங்கக்கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவள். ஆற்றுக்கு இந்தப் பக்கம், படுவான்கரையில் நடக்கிறது எல்லாம் அரிசிக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற சனத்தின் வாயால் என் காதுக்கு வந்துதான் போகும். அதிலும் பாதி பொய். அந்தக் காலத்துச் சனம் உண்மையே பேசியது என்று உனக்குக் கதை விடமாட்டேன். ஆனால் பொய் சொன்னவள் அடுத்த கிழமையும் அதே வரிசையில் வந்து நிற்பாள். நீ சொன்னது பொய்யாமே என்று முகத்துக்கு நேரே கேட்கலாம், கேட்டும் இருக்கிறேன். இப்போது நீ வாங்கி அனுப்பிய போன் என் கையில் இருக்கிறது. காலையில் தேத்தண்ணி ஊற்றும்போதே அதைத் திறந்துவிடுகிறேன். எதைப் பார்த்தாலும் "அதிர்ச்சி". தேங்காய் விலை ஏறினாலும் அதிர்ச்சி, ஒருத்தி பிள்ளையை விட்டுவிட்டுப் போனாலும் அதிர்ச்சி. படத்தில் சிவப்பு வட்டம் போட்டு ஓர் அம்புக்குறி. என்னதான் அங்கே இருக்கிறது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் ஒன்றுமே இராது.

வெள்ளம் வந்தபோது ஒருவன் முழங்காலளவு தண்ணீரில் நின்று, தனக்கு எவ்வளவு கஷ்டம் என்று கால்மணி நேரம் வீடியோவில் சொன்னான். அவனுக்குப் பின்னால் ஒரு மனுசி கோழிக்கூட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அதே தண்ணீரில் போகிறாள், திரும்பி வருகிறாள், மறுபடி போகிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளிநாட்டுச் சனம் தருகிற உதவியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற பொடியன்கள் இன்னொரு வகை. அரிசிப் பையை நீட்டிவிட்டு, புருசன் எப்போது விட்டுப்போனான், பிள்ளைகள் கடைசியாக எப்போது சாப்பிட்டன என்று அவள் அழும்வரை கேட்கிறார்கள். அழுதால்தான் பை கைமாறும். தொலைக்காட்சியைப் போட்டால் எட்டு வயதுப் பிள்ளை பாட்டுப் போட்டியில் தோற்று அழுவதை மூன்று தரம் மெதுவாக ஓடவிட்டுக் காட்டுகிறார்கள். இவையெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால் நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அழுகிறவளைப் பார்த்து நானும் அழுது, அடுத்ததைத் தட்டினேன்.

ஒருமுறை ஒரு குரல்பதிவு வந்தது. சைக்கிளில் துணி விற்க வருகிறவர்களிடம் வாங்காதீர்கள், துணியில் ஏதோ மருந்து பூசியிருக்கிறது, பெண்களுக்குக் கூடாது என்று ஒரு பொம்பிளைக் குரல். யார் என்று தெரியாது. நான் அதைப் பதினேழு பேருக்கு அனுப்பினேன். நம்முடைய ஊருக்கு ஏறாவூரிலிருந்து சைக்கிளில் வருகிற முஸ்லிம் நானாவிடம்தான் உனக்குப் பள்ளிக்கூடச் சட்டைத்துணி எடுத்தேன், உன் அப்பா கடைசியாக உடுத்த சாரமும் அவரிடம் எடுத்ததுதான். அவர் இரண்டு மாதம் படலையில் மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போனார், நான் வெளியே வரவில்லை. மூன்றாம் மாதம் அவர் வரவில்லை. பிறகு அது பொய் என்று தெரிந்தது. பதினேழு பேருக்கும் அது பொய் என்று நான் அனுப்பினேனா என்றால், இல்லை. வெட்கமாக இருந்தது. மகன், பொய்யை அனுப்பும்போது வராத வெட்கம் அதைத் திருத்தும்போது எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

உன் பேஸ்புக் பக்கம் வேறு மாதிரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீ லண்டனில் இருந்துகொண்டு, வேலை முடிந்து வந்த களைப்போடு, நம்முடைய பக்கத்து ஊர்களின் செய்தியைப் போடத் தொடங்கியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழுகாமத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போனால், இவட மகன்தானாம் அந்தப் பக்கம் நடத்துறது என்று எனக்குக் கதிரை போட்டுத் தந்தார்கள். நான் அந்தக் கதிரையில் நன்றாகச் சாய்ந்துதான் இருந்தேன்.

இனி யோகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த மனிதர்தான், ஆனாலும் நீ மறந்துவிட்டவன் போல நடந்ததால் சொல்கிறேன். நம்முடைய வேலிக்கு அடுத்த வளவு. என்னை அக்கா என்று கூப்பிட்டவர், உனக்கு மாமா. ஆற்றில் தோணி விட்டு மீனும் இறாலும் பிடித்து மனைவி தங்கேசையும் மகள் நிலானியையும் பார்த்த மனிதர். நீ செய்தியில் வாவி என்று போடுகிறாய், நாங்கள் ஆறு என்றுதான் சொல்கிறோம். உன் அப்பா செத்தபோது உனக்கு அங்கே விசா இல்லை, வர முடியவில்லை. உனக்குப் பதிலாகக் கொள்ளிக்குடம் தூக்கியது யோகன். பதினொரு வயது நிலானி, லண்டனில் இருக்கிற உனக்குத் தெரியட்டும் என்று, வீட்டிலிருந்து சுடலை வாசல்வரை என் போனைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நீ அழுதது அந்தப் பிள்ளையின் கைக்குள்தான் கேட்டது.

என் ஓம் பற்றியும் சொல்ல வேண்டும். நீ போன புதிதில் லைன் நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகும். அம்மா கேக்குதா, அம்மா இருக்கிறீங்களா என்று பாதிப் பேச்சு அதிலேயே போய்விடும். ஆகவே நீ மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் ஓம், ஓம் என்று சொல்லப் பழகினேன். நான் இங்கே இருக்கிறேன், லைன் அறவில்லை, நீ சொல்லு என்பதுதான் அதற்கு அர்த்தம். பிறகு லைன் நல்லதாகிவிட்டது, என் வாய் திருந்தவில்லை. நிலானி என்னைப் போலவே இடுப்பில் கைவைத்து ஓம், ஓம் என்று நடித்துக் காட்டுவாள், நீயும் சிரித்திருக்கிறாய். நான் சொல்கிற ஓமுக்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் ஓர் ஆளுக்குத் தெரியும் என்றால் அது உனக்குத்தான்.

இரண்டு வருடத்துக்கு முந்திய வைகாசியில், கண்ணகி அம்மன் கோயில் சடங்கில் குளிர்த்தி பாடி முடிந்து ஐந்தாம் நாள், யோகனின் தோணி மட்டும் கரைக்கு வந்தது. எட்டாம் நாள் சடங்கு இன்னும் முடியவில்லை. கோயில் காரியத்தில் நின்ற ஆண்கள் அந்த நாட்களில் மீன் மச்சம்கூட வாயில் வைக்கமாட்டார்கள். அவரும் சோறும் மோரும்தான் சாப்பிட்டார். விற்றால்தான் அடுப்பெரியும் என்பதால் விடிய ஆற்றுக்குப் போயிருந்தார். பத்து மணி போலப் பொடியன்கள் உடலைத் தேடி எடுத்துக் கரையில் கிடத்தினார்கள். அந்த நேரம்தான் நீ எடுத்தாய். யோகன் மாமாவா என்றாய், ஓம் என்றேன். தோணியில போனவரா என்றாய், ஓம் என்றேன். பிறகு நீ என்னவோ நீளமாகச் சொன்னாய். என் கண் கரையில் இருந்தது. தங்கேஸ் சேலை நனைய நனையத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள், நான் அவளைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். போன் காதில் இருந்தது, வாய் தன்பாட்டில் ஓம், ஓம் என்றது.

பின்னேரம் செத்த வீட்டில் யாரோ ஒருவரின் போனிலிருந்து என் குரல் கேட்டது. பந்தலில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். உன் பக்கத்தில் நீ போட்ட செய்தி. "மதுபோதையில் வாவியில் விழுந்து குடும்பஸ்தர் பலி. சடங்கு நாளில் நடந்த விபரீதம்." சோக இசை. அதற்குமேல் உன் குரல்: "அவர் குடிச்சிட்டுத்தான் போனவராமே, ஊர்ப் பொடியன் ஒருவன் மெசேஜ் போட்டிருக்கான், அப்பிடியோ?" அம்மா என்ற சொல்லை மட்டும் வெட்டியிருந்தாய். அதற்குப் பிறகு நான். "ஓம்... ஓம்..." கீழே எழுத்தில், நெருங்கிய உறவினர் உறுதிப்படுத்தினார் என்று. நீ என்னைப் பதிவு செய்வதாக எனக்குச் சொல்லவில்லை. நான் உறவினர் ஆகிவிட்டேன், தாய் இல்லை.

யோகன் குடிக்கிறவர் இல்லை. இதை நான் உனக்கு எழுத வேண்டியிருப்பதே கேவலம். உன் அப்பா குடித்துவிட்டு வரம்பில் விழுந்து கிடந்தால் தோளில் தூக்கிவந்து போடுகிறவர் அவர்.

இனி என் பங்கைக் கேள். செத்த வீட்டு எட்டுக் கழிந்து தங்கேஸ் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அழவில்லை. "அக்கா, அவர் குடிக்கிறவர் எண்டு நீங்களா சொன்னீங்க?" என்று கேட்டாள். அது அப்படி இல்லைகா, அவன் கேட்டது என் காதில் விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் என் மகன் பொய்யன். ஊருக்கெல்லாம் செய்தி சொல்கிற என் மகன் பொய்யன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆம்பிளைதானேகா, எப்பவாச்சும் ஒருக்கா குடிச்சிருப்பார், நமக்கென்ன தெரியும்" என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கிறுகித் தன் வீட்டுக்குள் போனாள். உன் பொய்யில் என் குரல் மட்டும்தான் இருந்தது, மகன். இந்தப் பொய்யை நானே யோசித்து, முழு வசனமாக, முகத்துக்கு நேரே சொன்னேன்.

சனம் அதற்கு மேல் தன் பங்கைக் கட்டியது. சடங்கு முடியமுன் குடித்ததால் கண்ணகி அம்மாள் உயிரை எடுத்துவிட்டாள் என்றார்கள். அடுத்த வருசம் சடங்குக்குத் தங்கேஸ் கொண்டுபோன நேர்த்திப் பானையை வாங்கி ஒரு மூலையில் தள்ளி வைத்தார்கள், பொங்கவில்லை. நிலானியைப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று நான் எழுதமாட்டேன். உயர்தரம் படிக்க வேண்டிய பிள்ளை தையல் வேலைக்குக் கார்மெண்டுக்குப் பஸ் ஏறுகிறாள். மரண விசாரணைக் கடுதாசி வந்தபோது, மாரடைப்பு, உடம்பில் மதுவே இல்லை என்று இருந்தது. அன்றைக்கே உனக்கு எடுத்துச் சொன்னேன், இதையும் போடு மகன் என்றேன். "அது பழைய செய்தி அம்மா, இனி ஆரும் பாக்கமாட்டாங்க" என்றாய். நானும் ஓம் என்று வைத்தேன். அந்த ஓமுக்கு மட்டும் சம்மதம் என்றுதான் அர்த்தம்.

உன் சித்தப்பாவைப் பற்றி நீ அதிகம் கேட்டதில்லை. சண்டைக் காலத்தில் ஒருநாள் ஆமிக்காரர் ஊரையே பள்ளிக்கூட வளவில் கொண்டுவந்து வெயிலில் இருத்தினார்கள். ஜீப்பில் ஒருவன் இருந்தான், தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி என்று சொல்லுவோம். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடக்க வேண்டும். உன் சித்தப்பா நடந்தபோது சாக்கு ஆடியது. அவ்வளவுதான், அவரைப் பிறகு நாங்கள் காணவில்லை. அவனிடம் என்ன கேள்வி கேட்டார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. யாராவது முதுகில் குத்தியதால் அவன் தலை ஆடியதோ, நித்திரை தூங்கினானோ. உன் அப்பா சாகும்வரை அந்தச் சாக்குக்குள் இருந்தது யார் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார், கையில் அகப்பட்டால் வெட்டுவேன் என்றார். நானும் அவனைச் சபித்திருக்கிறேன், அவன் குலம் அழிய வேண்டும் என்று. இப்போது அந்தச் சாபத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ கட்டப்போகிற பெண் செட்டிபாளையத்துப் பிள்ளை. நல்ல பிள்ளை, மரியாதையாகக் கதைக்கிறாள், உன்னோடு கதைக்கும்போது அவளும் ஓம், ஓம் என்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற ஓமும் சரி என்கிற ஓமும் வேறு வேறு. எது எது என்று அவளிடம் ஒவ்வொரு தரமும் கேள். ஒரு புருசன் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன், உன் அப்பா கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை.

போன கிழமை நீ எடுத்து, முதல் அழைப்பு தங்கேஸ் மாமிக்குத்தான் வைக்க வேண்டும் என்றாய். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். நான் செவ்வாய்க்கிழமை தட்டில் வெத்திலை பாக்கு வைத்து, உன் கல்யாணக் கார்டையும் வைத்து, பதினொரு மணி போல அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு வருடத்தில் அந்தப் படலையை நான் திறந்தது அன்றைக்குத்தான். அவள் பாய் போட்டாள். நான் இருக்கவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டது, என் காதில் விழாதது, வேலியில் நான் சொன்ன பொய், கடுதாசி வந்தும் விட்டது எல்லாம். தட்டு சரிந்து பாக்கு கீழே கொட்டியது. அவள் குனிந்து பொறுக்கித் தட்டில் வைத்தாள்.

"எனக்குச் சொல்லிட்டீங்க அக்கா," என்றாள். "அதைப் பாத்த சனத்துக்கு ஆர் சொல்லுவா?"

 நிலானி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, உள்ளேயிருந்து வந்தாள். பதினெட்டு வயது, நாடி அப்படியே யோகன். தாயின் போனை எடுத்து என் கையில் வைத்தாள். உன் பக்கம், அந்தச் செய்தி. கீழே சனம் எழுதியது இன்னும் வந்துகொண்டிருக்கிறது, போன மாதமும் ஒருவன் எழுதியிருக்கிறான், சிரிக்கிற முகமும் போட்டிருக்கிறான். அவள் விரலால் மெல்ல மெல்ல இழுத்துக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் கீழே தான் பதில் எழுதினாளாம், எங்கட அப்பா குடிக்கிறவர் இல்லை என்று. ஒரே வசனம்தான். எழுதிய இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை.

"வேற வேற நாலு பேரில வந்து எழுதினன் மாமி. நாலையும் புளொக் பண்ணிட்டாங்க," என்றாள். "இப்ப அம்மாட போனால வாசிக்கிறன். எழுதல்ல. எழுதினா இதையும் புளொக் பண்ணிருவாங்க, பிறகு ஆர் என்ன எழுதினவங்க எண்டு எனக்குத் தெரியாமப் போயிரும்."

தடுத்தது யார் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். நீ அந்த நாலு பேரையும் யாரோ வம்புக்காரர் என்று நினைத்துத் தடுத்தாயா, யார் என்று தெரிந்தே தடுத்தாயா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது. தங்கேஸ் கார்டைத் திருப்பித் தரவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அது தட்டிலேயே இருந்தது, நான் தட்டோடு திரும்பி வந்தேன்.

முதலில் அந்தப் பிள்ளையின் தடையை எடு. பிறகு உன் முகத்தைக் காட்டி, அதே பக்கத்தில், யோகன் மாமா குடிக்கவில்லை, என் தாய் சொல்லாததைச் சொன்னதாக நான் போட்டேன் என்று சொல்லு. வேலியில் நின்று நான் சொன்னதையும் சொல்லு, என் பேரையும் போடு. இசை போடாதே. வெத்திலைத் தட்டு மேசையில் இருக்கிறது. அந்த வீட்டுக்குப் பிறகு வேறு ஒரு வீட்டுக்கும் நான் அழைப்பு வைக்கவில்லை, நீ சொல்லும்வரை வைக்கவும் மாட்டேன்.

அம்மா